சுவரில் இறங்கிய வானம்

மனிதன் தான் வாழும் இடத்தின் சுவரை நெடுங்காலம் வெறுமையாக விட்டுவைத்ததில்லை. குகையில் வாழ்ந்தபோது தான் வேட்டையாடிய விலங்குகளை அதில் தீட்டினான். அரண்மனை கட்டியபோது தான் வென்ற போர்களைத் தீட்டினான். ஆலயம் எழுப்பியபோது தான் வணங்கிய இறைவனின் செயல்களைத் தீட்டினான். இன்றைய புதுமனைகளிலோ வரவேற்பறைச் சுவர் முழுவதையும் நிரப்பி நிற்பது வேறொரு காட்சி. ஊதா நிற வானில் இரண்டு நிலாக்கள். அசைவற்ற ஏரியின்மேல் வளையம் அணிந்த மாபெரும் கோள் ஒன்று. ஏரிக்கரையில் எறும்பளவு சிறுத்து, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு மனிதன். எங்கும் இல்லாத நிலம்; எவரும் காணாத வானம்.

இது கணிப்பொறியும் அச்சுப்பொறியும் சேர்ந்து பெற்றெடுத்த பிள்ளை என்றே எண்ணத் தோன்றும். அச்சடிக்கும் முறை புதிது. ஆசை மிகப் பழையது. வானத்தைச் சுவரிலும் கூரையிலும் வரைந்துகொள்ளும் மரபுக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு முரண்பாடும் உண்டு. வானத்தை மறைப்பதற்காகவே மனிதன் கூரை வேய்ந்தான். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சி வானத்தை வெளியே நிறுத்தியவன், பிறகு அதே வானத்தை வண்ணம் குழைத்து உள்ளே அழைத்துக்கொண்டது ஏன்? உள்ளே வந்த வானம் அவனுக்கு என்ன செய்தது? இவ்விரு வினாக்களையும் கையில் ஏந்தி அந்த வரலாற்றினூடே சற்று நடந்து பார்ப்போம்.

இறந்தோரின் வானமும் அரசனின் வானமும்

எகிப்து நாட்டின் சக்காராவில் உனாஸ் என்னும் மன்னனின் பிரமிடு இருக்கிறது. கி.மு. 24ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் உள்ளே, மன்னனின் உடல் வைக்கப்பட்ட அறையின் கூரை முழுவதும் ஐந்து முனை விண்மீன்கள் செதுக்கப்பட்டுள்ளன. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் அரசி ஹட்செப்சுட்டின் உயர் அலுவலராக விளங்கிய செனன்முட் தனக்கென அமைத்த கல்லறையின் கூரையில் விண்மீன் கூட்டங்களும் கோள்களும் முறைப்பட வரையப்பட்டன. 1817இல் பெல்சோனி என்னும் இத்தாலியர் முதலாம் சேத்தியின் கல்லறையைத் திறந்தபோது, கருநீல வண்ணத்தில் எழுதப்பட்ட மற்றொரு வானம் அங்கே காத்திருந்தது.

இவை எவருடைய கண்ணுக்காகவும் வரையப்பட்டவை அல்ல. கல்லறையின் வாயில் அடைக்கப்பட்டபின் அங்கே விளக்கில்லை, பார்ப்பாரும் இல்லை. இறந்தவன் விண்மீன்களிடையே தன் வழியைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அழகுக்காக அன்று, நம்பிக்கைக்காக எழுதப்பட்ட வானம் அது.

இதற்கு நேர்மாறான வானம் ஒன்று உரோமை நகரில் எழுந்தது. கி.பி. 64இல் நிகழ்ந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தபின், எரிந்த நிலத்தில் நீரோ மன்னன் தனக்கென ஒரு பொன்மாளிகை கட்டினான். அதன் தலைமை விருந்து மண்டபம் வட்ட வடிவமானது. விண்ணுலகம் சுழல்வதுபோல அது இரவும் பகலும் ஓயாமல் சுழன்றது என்று வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு குறித்திருக்கிறார். 2009இல் பலத்தீனக் குன்றில் அகழாய்வு செய்தோர், அத்தகைய சுழற்சிக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு கட்டட அமைப்பைக் கண்டறிந்தனர். விருந்தில் சாய்ந்திருந்த மன்னனைச் சுற்றி வானமே வலம்வர வேண்டும் என்பது அந்த மண்டபத்தின் உட்பொருள். நான்கே ஆண்டுகளில், 68இல், நீரோ மடிந்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் மாளிகையை மண்ணால் மூடி அதன்மேல் வேறு கட்டடங்களை எழுப்பினர்.

ஆக, தொடக்கத்திலேயே இரு வழிகள் பிரிகின்றன. ஒரு வானம் மனிதனைத் தனக்கு அப்பால் நோக்கச் செய்தது. மற்றொன்று மனிதனை நடுவில் அமர்த்தி, மற்றனைத்தையும் அவனைச் சுற்றிவரச் செய்தது. சுவரில் வானம் எழுதிய ஒவ்வொரு தலைமுறையும் இவ்விரண்டில் ஒன்றையே தேர்ந்திருக்கிறது.

இராவென்னாவின் நீலம்

இத்தாலியின் இராவென்னா நகரில், காலா பிளாசிதியா என்னும் அரசியின் பெயரால் வழங்கும் சிறு கட்டடம் ஒன்று உண்டு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. சிலுவை வடிவில் அமைந்த அது வெளியே வெறும் செங்கல். கடந்து செல்வோர் திரும்பியும் பாரார். உள்ளே நுழைந்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய கற்பலகைகள் வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில் கண் பழகச் சிறிது நேரமாகும். பழகியபின் தலைக்குமேல் ஆழ்ந்த நீலம் விரிகிறது. கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய அந்த நீலத்தில் நூற்றுக்கணக்கான பொன் விண்மீன்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி நிற்கின்றன. நடுவில் ஒரு பொற்சிலுவை. நான்கு மூலைகளிலும் திருவெளிப்பாடு நூல் கூறும் நான்கு உயிர்கள்.

அரசி உரோமையில் 450இல் இறந்தார். இக்கட்டடத்தில் அவர் அடக்கம் செய்யப்படவில்லை என்பதே அறிஞர் பலரின் கருத்து. அது எப்படியாயினும், இங்கே நிகழ்ந்துள்ள மாற்றம் கருதத்தக்கது. நீரோவின் வானத்தில் நடுவிடம் அரசனுக்கு உரியது. இராவென்னாவின் வானத்திலோ அந்த நடுவிடத்தை, அரசின் கையால் கொலையுண்ட ஒருவரின் சிலுவை ஏற்றுக்கொண்டது. அதே நகரின் கிளாசே பகுதியில் 549இல் அருள்பொழிவு பெற்ற புனித அப்பொலினார் ஆலயத்திலும் 99 விண்மீன்களின் நடுவே சிலுவை நிற்பதைக் காணலாம். விண்மீன்களை எண்ணிப் பார்த்தோர், காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்ல ஆயன் விட்டுச்சென்ற தொண்ணூற்றொன்பது ஆடுகளை நினைவுகூர்வது இயல்பே.

ஆலயக் கூரையும் தொலைநோக்கியும்

பதுவை நகரில் எந்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞி என்னும் செல்வர் கட்டிய சிற்றாலயம் 1305 மார்ச் 25 அன்று அருள்பொழிவு பெற்றது. அதன் சுவர்களிலும் கூரையிலும் ஓவியம் தீட்டியவர் ஜொத்தோ. வளைகூரை முழுவதும் நீலமும் பொன் விண்மீன்களும். சுவரில் ஞானியர் மூவர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியில் அவர் ஒரு புதுமை செய்தார். குடிலின்மேல் வழக்கமான விண்மீனை வரையாமல், நெருப்பு வால் நீண்ட ஒரு வால்மீனைத் தீட்டினார். 1301இல் தோன்றிய ஹாலி வால்மீனை அவர் கண்ணாரக் கண்டிருக்கக்கூடும் என்பர். கண்ட வானம் சுவரில் ஏறிய நிகழ்ச்சி அது. 1986 மார்ச் மாதம் அதே வால்மீனை அணுகிப் படமெடுத்த ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜொத்தோ என்றே பெயரிட்டது, அந்த ஓவியருக்குச் செலுத்தப்பட்ட நன்றிக்கடன்.

உரோமையின் சிஸ்தின் சிற்றாலயத்தை இன்று காண்போர் மிக்கேலாஞ்சலோவின் படைப்புக் காட்சிகளையே காண்கின்றனர். அதற்கு முன் அந்தக் கூரையிலும் பியர் மத்தேயோ தமேலியா தீட்டிய விண்மீன் வானமே இருந்தது. 1504இல் கூரையில் விரிசல் கண்டது. 1508 முதல் 1512 வரை மிக்கேலாஞ்சலோ உழைத்தபோது பழைய வானம் மறைந்தது.

பிறகு வந்தது தொலைநோக்கி. 1610 மார்ச் மாதம் கலிலேயோ தம் நூலை வெளியிட்டார். நிலவு பளிங்குபோல் வழுவழுப்பான உருண்டை அன்று, மலையும் பள்ளமும் நிறைந்த நிலம் என்று அறிவித்தார். அவருடைய நண்பர் லுதொவிக்கோ சீகொலி அப்போது உரோமையில், புனித மரியா பெருங்கோவிலின் பவுல் சிற்றாலயக் குவிமாடத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். பொருள், திருவெளிப்பாடு நூலின் 12ஆம் அதிகாரத்தில் வரும் பெண். நிலவைக் காலடியில் கொண்டவர். அந்நிலவை மாசுமறுவற்ற வடிவில் வரைவதே மரபு. மரியாவின் தூய்மைக்கு அது அடையாளம். 1612இல் பணி முடிந்தபோது சீகொலியின் நிலவில் பள்ளங்கள் இருந்தன. நண்பர் தொலைநோக்கியில் கண்டது அன்னையின் காலடியில் இடம்பெற்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 1616இல் கொப்பர்னிக்கின் நூல் தடைக்கு உள்ளானது. 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அந்த வழக்கில் அன்றைய இறையியலார் செய்த தவற்றை வெளிப்படையாக எடுத்துரைத்தார். இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் சீகொலியின் நிலவு குவிமாடத்தில் தன் தழும்புகளோடு இருந்தது. ஏடுகள் மறுத்ததை ஆலயத்தின் கூரை தாங்கி நின்றது. மரியன்னையின் பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. மெய்யைக் கண்டு பத்தி நடுங்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் அமைதியான சான்று வேண்டுமா?

ஒரு நூற்றாண்டு கழித்து அதே வகைச் சான்று வேறு வடிவில் வந்தது. பொலோஞ்ஞா நகரின் லூயிஜி மர்சீலி என்னும் சிற்றரசருக்குத் தம் நகரில் வானாய்வுக்கூடம் ஒன்று அமைய வேண்டும் என்பது பெருவிருப்பம். திருத்தந்தை 11ஆம் கிளமெந்துவின் ஆதரவைப் பெற அவர் விண்ணப்பம் மட்டும் எழுதவில்லை. 1711இல் தொனாத்தோ கிரேத்தி என்னும் ஓவியரைக்கொண்டு எட்டுச் சிறு ஓவியங்களைத் தீட்டச் செய்து அனுப்பினார். ஒவ்வொன்றிலும் அந்திநேரத்து வயல், மரம், ஆறு. அங்கே நின்று கருவிகளால் வானை நோக்கும் மனிதர். அவர்களுக்கு மேலே கதிரவன், நிலவு, வால்மீன் அல்லது ஒரு கோள், தொலைநோக்கியில் தோன்றும் பெரிய அளவில். வளையம் சூழ்ந்த சனிக்கோள் சிற்றூர்க் காட்சியின்மேல் தொங்குகிறது. இன்றைய வரவேற்பறைப் படத்தின் பாட்டனார் யார் என்று கேட்டால் நான் கிரேத்தியையே காட்டுவேன். ஏரி, கோள், அண்ணாந்து நோக்கும் சிறு மனிதர் அனைத்தும் அங்கே உண்டு. திருத்தந்தை மனமிசைந்தார், வானாய்வுக்கூடம் எழுந்தது. அந்த ஓவியங்கள் இன்று வத்திக்கான் ஓவியக்கூடத்தில் உள்ளன. ஓர் அலங்காரப் படம் வானத்தை நோக்கும் ஒரு மாடத்தைக் கட்டித்தந்தது.

கம்பளி சீவியவரின் வீடு

இதுவரை கண்டவை கல்லறைகளும் அரண்மனைகளும் ஆலயங்களும். குடும்பத்தார் உண்டு உறங்கும் ஓர் எளிய வீட்டின் கூரையில் வானம் இறங்கிய வரலாறு நெதர்லாந்து நாட்டில், ஃபிரீஸ்லாந்து மாநிலத்தின் ஃபிரானெக்கர் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது.

1774 மே 8 அன்று விடியற்காலையில் நிலவும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களும் வானில் ஒருசேர நெருங்கித் தோன்றும் என்பது முன்னரே கணிக்கப்பட்டிருந்தது. அதைக் குறித்துச் சிறு நூல் ஒன்று பெயரின்றி வெளிவந்தது. எழுதியவர் எல்கோ அல்தா என்னும் மறையுரையாளர். அக்கோள்களின் ஒன்றுசேர்ந்த ஈர்ப்பினால் பூமி தன் பாதையினின்று விலகி அழியக்கூடும் என்று அவர் எழுதினார். எளிய மக்கள் நடுங்கினர். குறித்த நாள் வந்தது, கோள்கள் நெருங்கின, கதிரவன் எழுந்தான், பூமி தன் வழியே சென்றது.

அவ்வூரில் அய்சே அய்சிங்கா என்பவர் வாழ்ந்தார். 1744இல் பிறந்தவர். கம்பளி சீவுவது குடும்பத் தொழில். உயர்கல்வி பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இளமையில் கணக்கின்மேல் கொண்ட காதலால், கிடைத்த நேரத்தில் தாமே கற்றுப் பருமனான கணித ஏடொன்றை எழுதி வைத்திருந்தார். அண்டை அயலாரின் அச்சத்தைக் கண்ட அவர், அதை எள்ளி நகைக்கவில்லை. மறுப்பு நூலும் எழுதவில்லை. கோள்கள் எப்படி இயங்குகின்றன என்பதை யாரும் வந்து பார்க்கும்படி தம் வீட்டின் கூரையிலேயே காட்டத் துணிந்தார். பகலில் கம்பளி; மாலையில் கூரை. ஏழு ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டுத் தொடங்கிய வேலை 1781இல் நிறைவுற்றது.

அந்தக் கூரை இன்றும் இருக்கிறது, இன்றும் இயங்குகிறது. நீலமும் பொன்னுமாக வண்ணம் தீட்டிய மரப்பலகைகளின் நடுவே கதிரவன். அதைச் சுற்றி வெட்டப்பட்ட வட்டப் பள்ளங்களில் சிறு உருண்டைகளாகக் கோள்கள் தொங்குகின்றன. இன்றைய அளவில் சொன்னால் ஒரு மில்லிமீட்டர் பத்து இலட்சம் கிலோமீட்டருக்குச் சமம். பூமி கதிரவனிடமிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் நின்று ஓராண்டில் ஒருமுறை சுற்றி வருகிறது. சனிக்கோள் ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கும் மேலாகும். கண்ணுக்கு எந்த அசைவும் தெரியாது. ஆனால் எல்லாம் அசைந்துகொண்டே இருக்கும். பலகைகளுக்கு மேலே, மறைவில், மர வளையங்களும் தட்டுகளும். பற்களுக்குப் பதிலாக அவற்றில் அறையப்பட்டவை கையால் செய்த ஏறத்தாழப் பத்தாயிரம் ஆணிகள். அனைத்தையும் இயக்குவது ஊசல் கடிகாரம் ஒன்று. சுவர்க்கட்டிலுக்கு மேலே நீண்ட ஊசல் ஆடுவதை அவருடைய மனைவி பியேத்யே ஏற்கவில்லை என்றும், ஆகவே ஊசலைக் குறுக்கி, அதற்கேற்பக் கணக்குகளை மீண்டும் போட நேர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. விண்ணகத்தைக் கூரையில் ஏற்றினாலும் இல்லத்தரசியின் இசைவு இன்றி முடியாது என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலும்!

கூரை நிறைவுற்ற அதே ஆண்டில், மார்ச் 13 அன்று, இங்கிலாந்தில் வில்லியம் எர்ஷல் ஒரு புதிய கோளைக் கண்டார். அது யுரேனஸ். அய்சிங்காவின் அளவுப்படி அதை வைக்கக் கதிரவனிடமிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் தொலைவு வேண்டும். அறையில் அவ்வளவு இடம் இல்லை. ஏழாண்டு உழைப்பின் முடிவில் வானம் தன் வீட்டைவிடப் பெரிது என்பதைக் காலமே அவருக்குக் காட்டியது. வானத்தை வீட்டுக்குள் கொணரும் எவரும் ஏற்கவேண்டிய பாடம் இது.

அவர் வாழ்வு இனிதாகவே கழியவில்லை. 1787இல் நாட்டில் எழுந்த அரசியல் குழப்பத்தில் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அவர் இல்லாத நாளில் பியேத்யே இறந்தார். பின்னர்ச் சிறையும் நாடுகடத்தலும். அரசியல் மாறியபின் தம் கூரையின் கீழ்த் திரும்பி வந்தார். 1818இல் மன்னர் முதலாம் வில்லியம் அந்த வீட்டுக்கு வந்தார். 1825இல் அரசு அதை வாங்கியது. 1828இல் அய்சிங்கா மறைந்தார். இன்றும் இயங்கும் கோளரங்குகளில் உலகிலேயே பழமையான இதை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மறையுரையாற்றுவதே பணியாகக் கொண்ட என்னைப் போன்றோர் இந்த வரலாற்றைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். மறைநூல் கற்றவர் அச்சத்தை விதைத்தார். கம்பளி சீவியவர் அச்சத்தைக் களைந்தார். உலகின் முடிவு இன்ன நாளில் என்று நாள் குறிப்போர் ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றுகின்றனர். அவர்களுக்கு விடைதர நல்ல அறிவும் வேண்டும்; அந்த அறிவை அயலானுக்குப் புரியவைக்கும் அன்பும் வேண்டும். அய்சிங்காவின் கூரையில் அவ்விரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன.

காணாத நிலத்தைத் தீட்டியோர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரலங்காரம் ஒரு புதிய வழியில் நடுத்தரச் செல்வர் இல்லங்களுக்கும் வந்தது. பிரான்சு நாட்டில் துஃபூர், சூபேர் முதலிய பட்டறைகள் நிலக்காட்சித் தாள்களை அச்சிட்டன. அறையின் நான்கு சுவர்களையும் தொடர்ந்து சூழும் தாள் அது. 1804இல் துஃபூர் வெளியிட்டது பசிபிக் தீவுகளின் காட்சி. 1834இல் சூபேர் வெளியிட்டது வட அமெரிக்கக் காட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர அச்சுகளால் ஒரு தாள் உருவாயிற்று. கடல் கடந்து செல்லாதவர் தம் உணவறையில் அமர்ந்தே தொலைநாடு கண்டனர். அந்த வட அமெரிக்கக் காட்சி 1961 முதல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அறை ஒன்றை அணிசெய்கிறது. இன்றைய பெருஞ்சுவர்ப் படத்துக்கு இதுவே நேர் முன்னோடி.

அடுத்து, 1924இல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் தம் அறிக்கையை வெளியிட்டு மீமெய்யியல் என்னும் கலை இயக்கத்தைத் தொடங்கினார். கனவில் பொருள்கள் கூடும் முறையே அவர்களுக்கு இலக்கணம். ஈவ் தாங்கி என்பவர் அடிவானமே கரைந்துபோன வெளிகளில் பெயரற்ற உருவங்களை நிறுத்தி வரைந்தார். முதல் உலகப் போரின் படுகொலைகளைக் கண்டு, அறிவு என்று பெருமைப்பட்டதெல்லாம் பொய்த்துவிட்டது என வெதும்பிய தலைமுறை அது. இன்றைய படங்களின் இரட்டை நிலவும் மிதக்கும் பாறையும் அவர்களிடமிருந்து வந்த சொத்து. அவர்களுடைய வேதனை மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

இவ்விரு ஓடைகளோடும் மூன்றாவது ஓடை ஒன்று கலந்தது. அமெரிக்காவின் செஸ்லி போன்ஸ்டெல் 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1905இல் லிக் வானாய்வுக்கூடத்தில் தொலைநோக்கி வழியே சனிக்கோளைக் கண்ட இளைஞர், வீடு திரும்பி உடனே அதை வரைந்தார். அந்தப் படம் 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் எரிந்துபோயிற்று. கட்டடக் கலைஞராகவும் திரைப்படங்களுக்குப் பின்னணி தீட்டுபவராகவும் உழைத்தபின், 1944இல் 'லைஃப்' இதழில் அவர் வரைந்த சனிக்கோள் காட்சிகள் வெளிவந்தன. சனியின் துணைக்கோளான டைட்டனில் நின்று பார்ப்பதுபோல ஒரு படம்: பனி போர்த்த பாறைகள், நீல வானம், அதில் வளையத்தோடு மிதக்கும் சனி. கணக்கிட்ட கோணம், கணக்கிட்ட அளவு. விண்வெளியை ஒரு நிலமாக, மனிதன் காலூன்றக்கூடிய இடமாக, மக்கள் உணரத் தொடங்கியது அப்போதுதான். பின்னாளில் விண்வெளிப் பணியில் ஈடுபட்டோர் பலர் அவருடைய ஓவியங்களே தங்களுக்குக் கனவு தந்தன என்று கூறியுள்ளனர்.

1957இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக அவர் தீட்டிய நிலவுக் காட்சி 40 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்டது. வானைக் கிழிக்கும் ஊசி மலைகள், செங்குத்துப் பாறைகள். 12 ஆண்டுகள் கழித்து மனிதன் மெய்யாகவே நிலவில் இறங்கினான். அங்கே ஊசி மலைகள் இல்லை. எண்ணிலாக் காலம் நுண்கற்கள் மோதி மோதித் தேய்த்த மெல்லிய, வட்டமான குன்றுகளே இருந்தன. 1970இல் பாஸ்டன் சுவரினின்று படம் இறக்கப்பட்டது; பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. டைட்டனின் கதையும் அவ்வாறே. 2005 ஜனவரி 14 அன்று ஹாய்கன்ஸ் கலம் அங்கே இறங்கியபோது வானம் நீலமாக இல்லை. ஆரஞ்சு நிற மூட்டம் அடர்ந்திருந்தது. அங்கே நிற்பவர் கண்ணுக்குச் சனி தெரியவே தெரியாது.

அப்படியாயின் போன்ஸ்டெல் தோற்றவரா? நான் அவ்வாறு கருதவில்லை. அறிந்தவற்றைக் கொண்டு நேர்மையாகக் கற்பனை செய்தார். அந்தக் கற்பனை பிறரைத் தேடத் தூண்டியது. அவர்கள் தேடிக் கண்டது அவருடைய படத்தைத் திருத்தியது. தன்னைத் திருத்தும் மெய்யை நோக்கி நம்மை அனுப்பிவைக்கும் படம், திருத்தப்பட்ட பிறகும் மதிப்புக்கு உரியதே.

படமெடுத்த வானம்

1968 டிசம்பர் 24 அன்று நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்சு எடுத்த புகைப்படத்தில், சாம்பல் நிற நிலவின் விளிம்புக்கு மேல் நீலப் பூமி எழுகிறது. அன்றிரவே அந்த விண்வெளி வீரர் மூவரும் தொடக்கநூலின் முதல் வரிகளை உலகுக்கு வாசித்தனர். ஓவியர் ஆயிரமாண்டு தீட்டிய அயல்நிலக் காட்சி மெய்யாகவே கிடைத்தபோது, அதில் விண்மீன் இல்லை. நம் வீடு இருந்தது.

1995இல் ஹபிள் தொலைநோக்கி கழுகு நெபுலாவின் தூண்களைப் படமெடுத்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன்கள் பிறக்கும் தூசுத் தூண்கள். 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதற்படங்கள் வெளியாயின. கரினா நெபுலாவின் விளிம்பு செந்நிற மலைத்தொடர்போல் தோன்றியது. இவை இன்று எத்தனையோ வீட்டுச் சுவர்களில் உள்ளன. இவற்றைக் குறித்து வாசகர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நிறங்கள் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிபவை அல்ல. ஹபிள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஐட்ரசனுக்குப் பச்சை, ஆக்சிசனுக்கு நீலம் என வகுத்துத் தரப்பட்டவை. வெப் தொலைநோக்கியோ பெரும்பாலும் மனிதக் கண் காணாத அகச்சிவப்பு ஒளியையே பதிவு செய்கிறது. விண்வெளியில் மேல் கீழ் என்பதும் இல்லை. மலைபோலத் தோன்றும்படி படத்தை நிறுத்தியவர்கள் மனிதர்கள். இது ஏமாற்று அன்று. காணவியலாத உண்மையைக் காணத்தகும் மொழியில் பெயர்த்துத் தருவது. நம் ஆலயங்களில் உள்ள திருவுருவங்களும் இதே பணியைத்தான் செய்கின்றன. ஆனால் மொழிபெயர்ப்பு என்பதை அறிந்து வாசிப்பது வேறு; அறியாமல் மயங்குவது வேறு.

நம் சுவர் நமக்கு என்ன சொல்கிறது?

புதுமனை மந்திரிப்புக்குச் செல்லும் இல்லங்களில் இத்தகைய படங்களைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியே எழுகிறது. அரசனுக்கே உரியதாக இருந்த வானம் இன்று தவணையில் கட்டிய வீட்டுக்கும் வந்திருக்கிறது. அலுவலகத்தினின்று களைத்து வந்து அமரும் தந்தைக்கும் அடுப்படியினின்று வந்து இளைப்பாறும் தாய்க்கும், நான்கு சுவருக்கு அப்பால் ஒன்று உண்டு என்று அது சொல்லுமாயின், நல்லதே செய்கிறது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. நாம் ஏற்றிய விளக்குகளே வானத்தை அணைத்துவிட்டன. மெய்யான வானம் மங்கிய அதே காலத்தில் சுவரில் வரைந்த வானம் பளபளக்கிறது. திருப்பாடல் 19இன் ஆசிரியர் வானத்தின் சான்றைக் கேட்டது திறந்த வெளியில். அவர் கேட்டதை நம் பிள்ளைகள் அச்சுத்தாளில் மட்டும் தேடவேண்டிய நிலை வந்துவிடலாகாது.

எனவே அத்தகைய படம் உள்ள இல்லத்தாருக்கு என் எளிய பரிந்துரை இது. குழந்தை அதைக் காட்டி, “இது உண்மையா?” என்று கேட்கும்போது கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டா. எது கண்டறிந்தது, எது நிறம் கூட்டியது, எது முழுக் கற்பனை என்று பிரித்துச் சொல்லுங்கள். தெரியாதபோது சேர்ந்து தேடுங்கள். மாதத்தில் ஓரிரவாவது, மின்விளக்குகளை அணைத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு ஏறுங்கள். சுவரில் உள்ள வானம் நீரோவின் வானமா, இராவென்னாவின் வானமா என்பது அப்போது விளங்கிவிடும். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கச் செய்வது முன்னது. கதவைத் திறந்து வெளியே அனுப்புவது பின்னது.

அய்சிங்காவின் கூரையில் ஆண்டைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. 22 ஆண்டுகளுக்கு மட்டுமே அதில் எண்கள் எழுத இடம் இருக்கிறது. அக்காலம் கழிந்ததும் யாரேனும் புதிய பலகையில் எண்களை எழுதிப் பொருத்த வேண்டும். நாலாண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29 வரும்போதும் ஒரு மனிதக் கை அந்தப் பொறியைத் திருத்தி வைக்க வேண்டும். இரண்டரை நூற்றாண்டாக ஃபிரானெக்கர் மக்கள் அதைத் தவறாமல் செய்து வருகின்றனர். வானத்தின்மேல் வியப்பு என்பதும் அவ்வாறே. ஒரு தலைமுறை மாட்டிய படம் அடுத்த தலைமுறைக்குத் தானாக இயங்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அதைத் தம் பிள்ளைகளுக்காக மீண்டும் முடுக்கிவிட வேண்டும்.